கார் வாசலில் கேட்ட கேள்வி

ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் மாதத்துக்குப் பயிற்சித் தாதி ஒருத்தியாவது எனக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புகிறாள். எல்லாருக்கும் ஒரே புலம்பல்தான். "அக்கா, மருந்துப் பேரு ஒண்ணுமே மண்டையில நிக்க மாட்டேங்குது. நீங்க எப்படித்தான் படிச்சீங்க?" தாதிமை லைசென்ஸ் தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கும்போது இது புலம்பல். மூன்று வாரம் இருக்கும்போது அழுகை. கடைசி வாரத்தில் பத்துமலை முருகனுக்கு நேர்த்திக்கடன் வைக்கிற அளவுக்குப் போய்விடும்.

அந்தத் தேர்வை நான் எழுதியபோது எனக்கு வயது நாற்பத்தேழு. அதற்கு முன்பு இருபத்திரண்டு வருடம் கிள்ளானில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் உதவித் தாதியாக இருந்தேன். ரத்த அழுத்தம் பார்ப்பேன், படுக்கை மாற்றுவேன், உடம்பு துடைத்து விடுவேன், வீல்சேர் தள்ளுவேன். மருந்து கொடுக்க எனக்கு அனுமதி இல்லை. ஆனால் மருந்தைப் பற்றிப் பேசுவதை யாரும் தடுத்ததில்லை. இந்தக் கதை முழுக்க அந்த ஒரு ஓட்டையில்தான் இருக்கிறது.

நம் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு, நீங்களும் பார்த்திருப்பீர்கள். டாக்டர் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார்கள். மருந்து கொடுக்கும் கவுண்டரில் மலாயிலும் ஆங்கிலத்திலும் விளக்குவார்கள், அதற்கும் தலையாட்டுவார்கள். "புரிந்ததா?" என்று கேட்டால் இரண்டு தடவை ஆட்டுவார்கள். உண்மையான கேள்வியெல்லாம் லிஃப்டில், இல்லாவிட்டால் கார் வாசலில், வீல்சேர் தள்ளுகிற தமிழ்த் தாதியிடம், அவர்கள் வாயில் மிஸ்ஸியிடம், வரும். "மிஸ்ஸி, அந்த மருந்த சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா?" "மிஸ்ஸி, கருவாடு சாப்பிடலாமா?" எனக்கு அது பெருமையாக இருந்தது. டாக்டருக்குக் கிடைக்காத மரியாதை எனக்குக் கிடைக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லி அனுப்பியதே இல்லை.

டிப்ளோமா படிக்க ஆஸ்பத்திரியே என்னை அனுப்பியது. வகுப்பு கோலாலம்பூரில். எனக்குக் கிடைத்த கூட்டாளி நிஷா, சுங்கை வேயிலிருந்து வருகிற இருபத்திரண்டு வயதுப் பெண். வகுப்பில் எல்லாரும் என்னை ஆன்டி என்று கூப்பிட்டபோது அவள் மட்டும் அக்கா என்றாள். அதற்காகவே அவளோடு ஒட்டிக்கொண்டேன்.

எங்கள் இரண்டு பேருக்கும் நேரெதிரான வியாதி. ஒரு மருந்துக்குக் கம்பெனி வைக்கிற பெயர் ஒன்று, அதன் பொதுப்பெயர் ஒன்று. டப்பாவில் கம்பெனிப் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும், பொதுப்பெயர் கீழே சின்ன எழுத்தில் இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி பெரிய எழுத்து மாறும், மாத்திரையின் நிறம் மாறும், சின்ன எழுத்து மட்டும் மாறாது. தேர்வில் கேட்பது சின்ன எழுத்தைத்தான். நிஷாவுக்குச் சின்ன எழுத்து தண்ணீர் பட்ட பாடு, மாத்திரையைக் கண்ணால் பார்த்ததில்லை. எனக்கோ இருபத்திரண்டு வருடமாகப் பெரிய எழுத்துதான் பழக்கம். எங்கள் வார்டில் புழங்கும் மருந்துகளை நிறத்தை வைத்தே சொல்லிவிடுவேன். பொதுப்பெயரைப் பாடமாக ஒப்பிப்பேன், அவ்வளவுதான். அதற்கும் என் கண்ணுக்குத் தெரிந்த மாத்திரைக்கும் மனதுக்குள் சம்பந்தமே இல்லை.

அதனால் அட்டை செய்தோம். ஒரு பக்கம் காலி ஸ்ட்ரிப்பில் கம்பெனிப் பெயர் உள்ள இடத்தை வெட்டி ஒட்டுவது, பின்பக்கம் பொதுப்பெயரைக் கையால் எழுதுவது. நான் வார்டு குப்பையிலிருந்து ஸ்ட்ரிப் பொறுக்கினேன். நிஷாவின் அம்மா அரசாங்கக் கிளினிக்கில் மருந்து வாங்குகிறவர், அவள் அங்கிருந்து பொறுக்கினாள். என் அட்டைகளை வீட்டில் சமையலறை அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். ரசம் ஊற்றிக்கொண்டே ஒவ்வொன்றாகக் கேட்பார். கடைசியில் என்னைவிட அவருக்கு நன்றாக மனப்பாடமாகிவிட்டது. "நீ வீட்டுல இரு, நான் போய் எழுதிட்டு வரேன் லா" என்று கேலி வேறு.

தேர்வுக்கு இரண்டு மாதம் இருந்த சமயம். வார்டில் ஓர் அங்கிள் டிஸ்சார்ஜ் ஆனார். பந்திங் பக்கத்து எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். நெஞ்சு படபடப்பு என்று வந்து ஐந்து நாள் இருந்தார். இதயத் துடிப்பைக் குறைக்க ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். மருந்துக் கவுண்டரில் விளக்கம் சொல்லியாயிற்று, அவர் சம்சாரம் ஆன்டியும் தலையாட்டியாயிற்று. நான் அங்கிளை வீல்சேரில் வைத்துக் கீழே தள்ளிக்கொண்டு வந்தேன். மகன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

அங்கிள் ஏறி உட்கார்ந்த பிறகு ஆன்டி கைப்பையைத் திறந்தார். உள்ளேயிருந்து பாதி தீர்ந்த ஒரு ஸ்ட்ரிப்பை எடுத்தார். வெளிர் சிவப்பு மாத்திரை.

"மிஸ்ஸி, இது எங்க கிளினிக்ல கொடுத்தது. போன மாசந்தான் கொடுத்தாங்க. இதையும் கொடுக்கணுமா?"

நான் வாங்கிப் பார்த்தேன். எங்கள் ஆஸ்பத்திரி மாத்திரை வெள்ளை. பெரிய எழுத்தில் வேறு பெயர். பின்னால் ஒரு கார் ஹார்ன் அடித்தது. எனக்குத் தெரியாது என்று சொல்ல ஒரு வினாடி போதும். இன்னும் இரண்டு மாதத்தில் முழுத் தாதி ஆகப் போகிறவளுக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை.

"அது வேற, இது வேற ஆன்டி. ரெண்டையும் விடாம கொடுங்க."

ஆன்டி என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். கார் போனது. மேலே வந்து அடுத்த படுக்கையை மாற்றினேன். அன்று இதை ஒரு சம்பவமாகக்கூட நான் நினைக்கவில்லை.

ஒன்பது நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் வழக்கமாக உட்காரும் வாழையிலைக் கடையில் இருந்தோம். சாப்பாட்டுக் கூட்டம் போன பிறகு குடிக்க ஆளுக்கு ஒரு தே தாரிக் வாங்கினால் மூன்றிலிருந்து ஐந்து வரை கடைக்கார அண்ணே எங்களை எழுப்ப மாட்டார். அன்றைக்கு நிஷா ஒரு யோசனை சொன்னாள். இரண்டு பேர் அட்டைகளையும் ஒன்றாகக் கலந்து, கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, பொதுப்பெயர்ப்படி அடுக்குவோம் என்றாள். மேசை முழுக்கப் பரப்பினோம்.

அவள் ஓர் அட்டையைக் கீழே வைத்தாள். அதன் மேல் இன்னொன்றை வைத்தாள்.

"இந்த ரெண்டும் ஒண்ணுதான் அக்கா. உங்க ஆஸ்பத்திரில ஒரு கம்பெனி, எங்கம்மா கிளினிக்ல ஒரு கம்பெனி. பைசோப்ரோலால்."

கீழே இருந்தது என் அட்டை, வெள்ளை மாத்திரை. மேலே இருந்தது நிஷாவின் அம்மாவுடையது. வெளிர் சிவப்பு ஸ்ட்ரிப். அதே பெரிய எழுத்து, அதே ஓரக்கோடு. கார் வாசலில் என் கையில் இருந்ததும் அதேதான்.

துடிப்பைக் குறைக்கும் மாத்திரையை அந்த மனிதர் ஒன்பது நாளாக இரண்டு மடங்கு விழுங்கிக்கொண்டிருக்கிறார். நான் விடாமல் கொடுக்கச் சொன்னேன்.

நிஷாவிடம் சொன்னேன். அவள் மெதுவாக, "அக்கா, உங்க ஃபாரம்ல மேட்ரன் இன்னும் கையெழுத்து போடலல்ல?" என்றாள்.

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தேர்வு எழுதும் மனுவில் தலைமைத் தாதியான மேட்ரன் நன்னடத்தைக் கையெழுத்துப் போட வேண்டும். வரும் வியாழக்கிழமைக்குள் ஃபாரம் போக வேண்டும். மருந்தைப் பற்றி வாயைத் திறக்க உரிமையில்லாத உதவித் தாதி நோயாளிக்குத் தவறான ஆலோசனை சொன்னாள் என்று தெரிந்தால் விசாரணை வரும். விசாரணை முடியும்வரை எந்த மேட்ரனும் பேனாவை எடுக்க மாட்டார். நாற்பத்தேழு வயதில், முழங்கால் வலியோடு, கொமுட்டர் ரயிலில் மூன்று வருடம் நின்றுகொண்டு போய் வந்தது எல்லாம் அந்தக் கையெழுத்துக்காகத்தான்.

என்னை நல்லவளாக நினைத்துவிடாதீர்கள். எனக்கு முதலில் தோன்றியது பொய்தான். அவர்கள் வீட்டு நம்பர் என்னிடம் இல்லை, வார்டு ஃபைலில் இருக்கிறது. வார்டு கிளார்க்கிடம் ஏதாவது சாக்குச் சொல்லி நம்பர் வாங்கலாம். ஆன்டிக்கு நானே போன் செய்து, "சும்மா விசாரிச்சேன், அந்தப் பழைய மாத்திரைய நிறுத்திடுங்க" என்று சொன்னால் முடிந்தது. யாருக்கும் தெரியாது. நிஷாவும் சொல்ல மாட்டாள்.

போன் போட்டேன். கிளார்க் எடுக்கவில்லை. வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டரே எடுத்தார்.

அவரைப் பற்றி ஒரு வார்த்தை. பதினோரு வருடம் அவருக்குக் கீழே வேலை பார்த்தேன். பாராட்டியதில்லை, திட்டியதும் இல்லை. நாம் பேசும்போது முகத்தைப் பார்க்க மாட்டார், நோயாளியின் சார்ட்டைத்தான் பார்ப்பார். அவரிடம் பொய் சொல்வது சுவரிடம் பொய் சொல்வதைவிடக் கஷ்டம்.

"சிஸ்டர், நான் சரோ. போன வாரம் டிஸ்சார்ஜ் ஆன பந்திங் அங்கிள் இருக்காரே, அவங்க ஒரு பைய விட்டுட்டு போயிட்டாங்க. அதான் போன் நம்பர்…"

"என்ன பை?"

ஒரு வார்த்தைதான் மிச்சம் இருந்தது. பழுப்புப் பை, நீலப் பை, ஏதாவது ஒன்று. அது எனக்கு வாயில் வரவில்லை. எதிரே மேசையில் இரண்டு அட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.

"பை இல்ல சிஸ்டர். நான்தான் தப்பு பண்ணிட்டேன்."

முழுக்கச் சொன்னேன். நடுவில் அவர் குறுக்கிடவில்லை. முடித்ததும் மூன்று கேள்வி கேட்டார். எந்த மருந்து, ஒவ்வொன்றும் என்ன அளவு, எத்தனை நாள். என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அழறத அப்புறம் வச்சிக்க. லைன விடு, நான் கூப்பிடணும்" என்று வைத்துவிட்டார்.

இருபது நிமிடம் கழித்து அவரே அழைத்தார். அங்கிள் மூன்று நாளாகத் தூங்கிக்கொண்டே இருக்கிறாராம், எழுந்தால் தலை சுற்றுகிறதாம். முந்தின நாள் குளியலறையில் விழுந்திருக்கிறார், கை வீங்கியிருக்கிறது. தடுக்கி விழுந்தார் என்று நினைத்து எண்ணெய் தேய்த்துவிட்டிருக்கிறார்கள். உடனே பக்கத்திலிருக்கும் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார் சிஸ்டர். அங்கே உள்ளவர்களிடமும் பேசிவிட்டார்.

நிஷா அட்டைகளை எல்லாம் அள்ளி என் பையில் போட்டாள். சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு ஓடிப்போய்க் கிள்ளான் ரயிலைப் பிடித்தேன். கிள்ளான் ஸ்டேஷனில் என் வீட்டுக்காரர் காரோடு நின்றார். நேராகப் பந்திங் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். அந்த ஒரு நாள்தான் அவர் என்னிடம் மருந்துப் பெயர் கேட்காமல் இருந்தது.

வார்டில் அங்கிளுக்கு மானிட்டர் மாட்டியிருந்தார்கள். துடிப்பு நாற்பதைத் தொடவில்லை. மணிக்கட்டு உடைந்திருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "ஓ, மிஸ்ஸியா" என்று சொல்லிவிட்டுத் திரும்ப மூடிக்கொண்டார்.

ஆன்டிக்கு நான் வந்ததில் அவ்வளவு சந்தோஷம். நான் ஏதோ அன்பில் பார்க்க வந்திருக்கிறேன் என்று நினைத்தார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மகன் வாங்கி வைத்திருந்த பாக்கெட் மைலோவில் ஒன்றை ஸ்ட்ரா குத்திக் கையில் கொடுத்தார். அதைப் பிடித்துக்கொண்டே சொன்னேன்.

"ஆன்டி, அந்த ரெண்டு மாத்திரையும் ஒரே மருந்து. நான் தெரியாம வேற வேறன்னு சொல்லிட்டேன். அதனாலதான் இவருக்கு இப்படி ஆச்சு."

ஆன்டி என்னைப் பார்த்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"கவுண்டர்ல அந்தப் பையன் கூட பழைய மருந்த நிப்பாட்டச் சொன்னான் மிஸ்ஸி. எம் மவனும் நிப்பாட்டும்மான்னான். தலை சுத்துதுன்னு இவரே வேணாம்னாரு. நாந்தான், மிஸ்ஸி தமிழ்ல தெளிவா சொல்லிட்டாங்க, நீங்கல்லாம் என்னா பெரிய இதுன்னு, வாயத் தொறக்க வச்சு கொடுத்தேன்."

குற்றம் சாட்டவில்லை. நடந்ததைச் சொன்னார். கவுண்டரில் சரியாகச் சொல்லியிருந்தார்கள். மகன் சரியாகச் சொல்லியிருந்தான். நோயாளியே சரியாகச் சொல்லியிருந்தார். மூன்று பேரையும் தள்ளிவிட்டு என் ஒரு வாக்கியம் ஜெயித்திருக்கிறது. அந்த மைலோவை நான் குடிக்கவில்லை.

இரண்டு மாத்திரையையும் நிறுத்திவிட்டுக் கவனித்தார்கள். நான்காம் நாள் துடிப்பு ஒழுங்குக்கு வந்தது, ஒரு மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். மணிக்கட்டு கூடியது, ஆனால் பிடி பழையபடி வரவில்லை. காலையில் மோட்டார் சைக்கிளில் பாசாருக்குப் போய் மீன் வாங்கி வருவது அவர் பழக்கமாம். அதை விட்டுவிட்டார்.

திங்கட்கிழமை சிஸ்டர் என்னை உட்காரவைத்து அறிக்கை எழுதச் சொன்னார். நான்கு வரியில் எழுதினேன். படித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"தமிழ்ல கேட்டாங்கன்னு எழுதலயே நீ. கார் வாசல்ல வந்து கேட்டாங்கன்னு எழுதலயே. அத எழுது. அதான் முக்கியம்."

எழுதினேன். மேட்ரன் கையெழுத்துப் போடவில்லை. எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அந்தத் தடவை நிஷா தேர்வு எழுதினாள், பாஸானாள், வெள்ளைச் சீருடையில் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். நான் அடுத்த தடவைக்குக் காத்திருந்தேன். பொறாமையாக இருந்தது, மறைப்பதற்கு ஒன்றுமில்லை. அழுதுகொண்டே அலமாரிக் கதவில் இருந்த அட்டைகளைப் பிய்த்தெடுத்தேன். மறுநாள் அவற்றைப் பொதுப்பெயர்ப்படி அடுக்கித் திரும்ப ஒட்டினேன்.

என் அறிக்கையால் ஒன்று நடந்தது. டிஸ்சார்ஜ் ஆகிறவர்கள் வீட்டிலிருக்கும் எல்லா மருந்தையும் கொண்டுவந்து கவுண்டரில் கொட்டிக் காட்ட வேண்டும், தமிழ் பேசுகிறவர்களுக்குத் தமிழ் பேசுகிற ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று எங்கள் வார்டில் விதி வந்தது. இன்றைக்கு நீங்கள் சலித்துக்கொண்டே செய்கிற அந்த வேலை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

ஆறு மாதம் கழித்துத் தேர்வு எழுதினேன். பாஸானேன். மருந்துப் பெயர்களில் நான் ஒன்றைக்கூட விடவில்லை என்று நினைக்கிறேன். எப்படிப் படித்தீர்கள் என்று கேட்கிறீர்களே, இப்படித்தான் படித்தேன். ஒவ்வொரு பொதுப்பெயருக்கும் பின்னால் யாரோ ஒருவர் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துப் படித்தேன். இந்த முறையை உங்களுக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன், தூக்கம் கெடும்.

அதன்பின் இரண்டு வருடம் இருக்கும். அங்கிள் சிறுநீர்த் தொற்று என்று எங்கள் வார்டுக்கே வந்து சேர்ந்தார். வேறு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று மகன் சொன்னானாம், ஆன்டி கேட்கவில்லையாம். நான் அப்போது முழுத் தாதி. மருந்து கொடுக்கலாம், விளக்கலாம், கையெழுத்துப் போடலாம். டிஸ்சார்ஜ் அன்று வீல்சேர் தள்ள வேறு ஆள் இருந்தும் நானே தள்ளிக்கொண்டு கீழே போனேன். கவுண்டரில் எல்லாம் கொட்டிக் காட்டியாயிற்று, ஆன்டியும் தலையாட்டியாயிற்று.

கார் வந்தது. அங்கிள் எழுந்திருக்கப் போனார். ஆன்டி கைப்பையைத் திறந்தார்.

"மிஸ்ஸி, இது ஒண்ணு பையோட அடியில கெடந்துச்சு. அங்க காட்ட மறந்துட்டேன். இது என்னா மருந்து, கொடுக்கலாமா?"

வாங்கினேன். சின்ன எழுத்தைப் படித்தேன். எனக்கு நன்றாகத் தெரிந்த மருந்து. என்ன அளவு, எதோடு சேரக்கூடாது, எல்லாம் தெரியும், தேர்விலேயே வந்தது. அவருடைய புதிய மருந்தோடு ஒத்துப்போகும் என்றும் தெரியும். ஆன்டி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், அன்றைக்குப் பார்த்த மாதிரியே.

"உக்காருங்க அங்கிள்" என்று சொல்லி வீல்சேரைத் திருப்பினேன். "வாங்க ஆன்டி, கவுண்டர்ல காட்டிட்டு வந்துடலாம்."

"ஏன் மிஸ்ஸி, உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் ஆன்டி. அன்னைக்கும் தெரியும்னுதான் நெனச்சேன்."

பின்னால் ஒரு கார் ஹார்ன் அடித்தது. இன்னொரு தடவையும் அடித்தது. நான் தள்ளிக்கொண்டே உள்ளே போனேன்.